ஆசிரியர்கள் மாணவர்களான கதை

ஒரு சிறு கேள்வியுடன் தொடங்குவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரே மாதிரியான ஐந்து சிறு மின்விளக்குகளும், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்களும் உங்களிடம் இருக்கின்றன. முதல் மின்கலத்துடன் ஒரே ஒரு விளக்கை இணைக்கிறீர்கள். இரண்டாவது மின்கலத்துடன் இரண்டு விளக்குகளைத் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கிறீர்கள். மூன்றாவது மின்கலத்துடன் மீதமுள்ள இரண்டையும் பக்க இணைப்பில் இணைக்கிறீர்கள். மின்கலத்தின் உள்மின்தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இப்போது இந்த ஐந்து விளக்குகளையும் அவற்றின் ஒளிக்கேற்ப வரிசைப்படுத்துங்கள். எது மிகப் பிரகாசமாக எரியும்? எவையெவை சமமாக எரியும்? காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

எழுதி மடித்து வைத்து விட்டீர்களா? கட்டுரையின் முடிவில் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியை லில்லியன் மக்டெர்மாட் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தனர். சரியான விடை எழுதியவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே! பாடம் நடத்துவதற்கு முன் கேட்டாலும், நடத்தி முடித்த பின் கேட்டாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை. ஓம் விதியை மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள், மின்சுற்றுக் கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள், இந்த எளிய கேள்வியில் தடுமாறினர்.

அப்படியானால் குறை யாரிடம்? மாணவரிடமா, ஆசிரியரிடமா, அல்லது கற்பிக்கும் முறையிலா? இக்கேள்விக்கு விடை தேடப் போய், கல்லூரி ஆசிரியர்களே மீண்டும் மாணவர்களாக அமர வேண்டி வந்தது. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

விண்வெளி யுகத்தின் கோடை வகுப்புகள்

பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் கல்வியியல் பயிற்சி பெற வேண்டும். எப்படிக் கற்பிப்பது என்பதை அங்கே பயில்கிறார்கள். கல்லூரி ஆசிரியருக்கோ நெடுங்காலம் அத்தகைய பயிற்சி எதுவும் தேவையென்று கருதப்படவில்லை. பாடத்தை நன்றாக அறிந்தவர் நன்றாகக் கற்பிப்பார் என்பதே உலகெங்கும் நிலவிய நம்பிக்கை.

ஆகவே, ஆசிரியர்களுக்கென முதலில் நடத்தப்பட்ட வகுப்புகளும் பாட அறிவைப் புதுப்பிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1953-இல் கோடைக்கால வகுப்புகளுக்குப் பொருளுதவி செய்யத் தொடங்கியது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக் கோளை ஏவியது. அறிவியல் கல்வியில் பின்தங்கி விட்டோமோ என்ற அச்சம் அமெரிக்காவைப் பற்றிக் கொண்டது. கோடை வகுப்புகளுக்கான நிதி பன்மடங்கு பெருகியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்ட் சக்கரியாஸ் தலைமையில் 1956-இலேயே தொடங்கியிருந்த இயற்பியல் பாடத்திட்டக் குழு புதிய பாடநூல்களையும், எளிய ஆய்வுக் கருவிகளையும், திரைப்படங்களையும் உருவாக்கியது.

அந்த அலை நம் நாட்டையும் தொட்டது. 1963 முதல் அமெரிக்க உதவியுடன் இந்தியாவிலும் அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைக்கால வகுப்புகள் நடைபெற்றன. பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் விடுமுறையில் சில வாரங்கள் கூடிப் புதிய பாடங்களைப் பயின்றனர்.

இந்த முயற்சிகள் வீணாயின என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் அடியில் ஒரு கருத்து கேள்வி கேட்கப்படாமலே இருந்தது. ஆசிரியருக்குத் தெரிந்தது, அவர் வாய்வழியே மாணவருக்குப் போய்ச் சேர்ந்து விடும் என்பதே அந்தக் கருத்து. குடத்திலிருந்து குவளைக்கு நீர் ஊற்றுவது போல! உண்மையிலேயே நீர் குவளையில் விழுகிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தவர்கள்

அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டினஸ், அவருடைய ஆராய்ச்சி மாணவர் இப்ராகிம் ஹல்லூன் ஆகிய இருவரும் அதை அளந்தனர். விசை, இயக்கம் ஆகியவை பற்றி ஒரு வினாத்தாளைத் தயாரித்தனர். அதில் கணக்கு எதுவும் கிடையாது. அன்றாட வாழ்வில் காணும் நிகழ்ச்சிகளைச் சொல்லி, என்ன நடக்கும் என்று கேட்கும் வினாக்களே அதில் இருந்தன. இயற்பியல் பாடம் தொடங்கும் முன்னும், முடிந்த பின்னும் மாணவர்களிடம் அதைக் கொடுத்தனர்.

1985-இல் வெளியான முடிவுகள் ஆசிரியர் உலகைத் திகைக்க வைத்தன. ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்ட பிறகும் மாணவர்களின் அடிப்படைக் கருத்துகள் மிகச் சிறிதளவே மாறியிருந்தன. அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. நான்கு பேராசிரியர்கள் நான்கு விதமாகப் பாடம் நடத்தியிருந்தனர். விரிவுரையின் பாணி வேறுபட்டது. ஆனால் நால்வரின் மாணவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றத்தையே காட்டினர்! அதாவது, பேச்சு நன்றாக இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

1992-இல் ஹெஸ்டினஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்ஹாமர் ஆகியோர் இந்த வினாத்தாளைத் திருத்தி வெளியிட்டனர். ‘விசைக் கருத்துச் சோதனை’ என்று அதைச் சொல்லலாம். உலகின் பல நாடுகளில் அது பயன்படுத்தப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கும் ஒரு சபலம் தட்டியது. பி.எஸ்ஸி. முதலாண்டு வகுப்பில் நியூட்டனின் விதிகளை நடத்தி முடித்திருந்தேன். ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். கையை விட்டுப் பிரிந்து அது மேலே போய்க் கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசை எத்திசையில் உள்ளது? காற்றின் தடையை விட்டு விடுங்கள் என்றேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ‘மேல்நோக்கி’ என்றார்கள். முந்தின வாரத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவரும் அவர்களுள் ஒருவர். நான் நடத்திய பாடம் எங்கே போயிற்று என்று அன்று மாலை நெடுநேரம் யோசித்துக் கொண்டிருந்தேன். (பந்து மேலே போகும்போதும் விசை கீழ்நோக்கியே உள்ளது. அதனால்தான் அதன் வேகம் குறைகிறது.)

ஹார்வர்டில் நடந்தது

எனக்கு நேர்ந்தது பெரிய இடங்களிலும் நேர்ந்திருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் எரிக் மசூர் என்ற பேராசிரியர் 1984 முதல் இயற்பியல் கற்பித்து வந்தார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையும் நன்றாகப் போட்டார்கள். ஆண்டிறுதியில் அவருக்கு நல்ல மதிப்பீடும் கொடுத்தார்கள். 1990-இல் ஹல்லூன், ஹெஸ்டினஸ் ஆகியோரின் கட்டுரையை அவர் படித்தார். என் மாணவர்கள் அப்படியிருக்க மாட்டார்கள் என்று எண்ணி, அந்த வினாத்தாளை வகுப்பில் கொடுத்தார்.

அப்போது மாணவர் ஒருவர் அவரிடம் ஓர் ஐயம் கேட்டார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்பதே அந்த ஐயம்! பாடம் ஒரு பக்கமும் நம்பிக்கை ஒரு பக்கமுமாக மாணவர் மனத்தில் இரண்டு அறைகள் இருப்பதை அந்தக் கேள்வி காட்டிக் கொடுத்தது. விடைத்தாள்களும் அதையே உறுதி செய்தன.

மசூர் ஒரு வினாவை எடுத்துக் கொண்டு கரும்பலகையில் விளக்கினார். மாணவர் முகங்களில் தெளிவு இல்லை. மறுபடியும் விளக்கினார். குழப்பம் கூடியது. என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவருடன் பேசிப் பாருங்கள் என்றார். வகுப்பு முழுவதும் ஒரே இரைச்சல். ஆனால் சில நிமிடங்களில் பெரும்பாலோருக்கு விடை பிடிபட்டு விட்டது.

காரணத்தை எண்ணிப் பாருங்கள். பேராசிரியர் அக்கருத்தை அறிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகக் கற்பவர் எந்த இடத்தில் இடறுவார் என்பது அவருக்கு மறந்து போயிருக்கும். பக்கத்து இருக்கை மாணவரோ சற்று முன்தான் அதே இடத்தில் இடறி எழுந்தவர். கல் எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

1991 முதல் மசூர் இதையே முறையாக ஆக்கிக் கொண்டார். சிறிது நேரம் விளக்கம், பிறகு ஒரு கருத்து வினா, ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடையைத் தெரிவித்தல், பிறகு பக்கத்தில் இருப்பவருடன் விவாதம், மீண்டும் விடை, முடிவில் ஆசிரியரின் விளக்கம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். 1997-இல் இம்முறையை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, 1998-இல், இந்தியானா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹேக் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டார். 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள். அவர் பயன்படுத்திய அளவுகோல் எளிமையானது. தொடக்கத்தில் ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 40 என்று கொள்வோம். இன்னும் 60 பெற இடமிருக்கிறது. முடிவில் சராசரி 70 ஆனால், 60-இல் 30 கிடைத்திருக்கிறது, ஆதாயம் 0.5. இந்த அளவுகோலின்படி, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளின் சராசரி ஆதாயம் 0.23. மாணவர்கள் விவாதித்தும் செய்து பார்த்தும் கற்ற வகுப்புகளின் சராசரி 0.48. ஏறத்தாழ இரு மடங்கு!

புதிய ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு

நல்ல முறை இருக்கிறது. அதற்குச் சான்றும் இருக்கிறது. இனி எல்லா ஆசிரியர்களுக்கும் அதைச் சொல்லி விட்டால் போதுமல்லவா? அப்படித்தான் எண்ணினார்கள்.

அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம், இயற்பியல் கழகம், வானியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1996-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக் கழகங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்த இயற்பியல், வானியல் ஆசிரியர்களை மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க் என்னும் ஊருக்கு அழைத்துச் சில நாட்கள் பயிலரங்கு நடத்துவதே அத்திட்டம். மசூர் போன்றோர் நேரில் வந்து தம் முறைகளை விளக்கினர். ஆண்டுதோறும் இது தொடர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இதில் கலந்து கொண்டிருக்கிறார்கள்.

பயன் இருந்ததா? சார்ல்ஸ் ஹெண்டர்சன், மெலிசா டான்சி முதலியோர் அமெரிக்கக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்கள் 722 பேரிடம் விசாரித்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூறு ஆசிரியர்களை எடுத்துக் கொண்டால், 88 பேர் ஏதேனும் ஒரு புதிய முறையையாவது அறிந்திருந்தனர். 72 பேர் வகுப்பில் முயன்றும் பார்த்திருந்தனர். ஆசிரியர்கள் பழமைவாதிகள், எதையும் ஏற்க மாட்டார்கள் என்ற பழி பொய்யாயிற்று. புதிய முறைகள் பரவியதில் அந்தப் பயிலரங்குக்கும் பங்கு இருந்தது தெரிய வந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. முயன்று பார்த்த 72 பேரில் 23 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கினர், எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய விரிவுரைக்கே திரும்பி விட்டிருந்தனர்.

ஏன்? ஆசிரியர்கள் சொல்லும் காரணங்கள் நமக்கும் புதியவை அல்ல. பாடப் பகுதியை முடிக்க வேண்டும், நேரம் இல்லை, வகுப்பில் கூட்டம் அதிகம், இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டவை, உடன் பணிபுரிவோர் வேறு விதமாக நடத்துகிறார்கள், மாணவர்களுக்கே பிடிக்கவில்லை. பயிலரங்கில் எளிதாகத் தோன்றிய முறை, சொந்த வகுப்பில் முதல் தடுமாற்றம் வந்தபோது கை கொடுக்கவில்லை. அப்போது கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முறை நன்றாகச் சொல்லி விட்டால் மாணவர் கற்றுக் கொள்வார் என்பது தவறு என்று கண்டார்கள். அதை ஆசிரியர்களுக்கு எப்படித் தெரிவித்தார்கள்? பெரும்பாலும் ஒரு முறை நன்றாகச் சொல்லித்தான்! மாணவருக்குப் பொருந்தாத வழி ஆசிரியருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

மாணவர் இருக்கையில் ஆசிரியர்

இந்த முரண்பாட்டைத் தவிர்க்கும் வழியைச் சியாட்டிலில் முன்னரே கண்டிருந்தனர். அங்கே சிறு குழுக்களாக மாணவர் பயிலும் வகுப்புகளை நடத்துவோர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். ஒவ்வொரு வாரமும் வகுப்புக்கு முன் அவர்கள் கூடுவார்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே முன்தேர்வை முதலில் அவர்களே எழுத வேண்டும். பிறகு அதே பயிற்சித் தாளை, அதே பல்புகளையும் கம்பிகளையும் வைத்துக் கொண்டு, தாமே செய்து பார்க்க வேண்டும். இவர்களிலும் பலர் இடறுவதுண்டு. இடறியவர்தான் நாளை மாணவர் எங்கே இடறுவார் என்பதை அறிவார். 2020-இல் மறைந்த மக்டெர்மாட் தம் வாழ்நாள் முழுவதும் இதையே வற்புறுத்தினார்: ஆசிரியர் எப்படிக் கற்பிக்க வேண்டுமோ, அப்படியே அவரும் கற்க வேண்டும்.

2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் இன்னொரு வழியைக் கையாண்டார். கற்பித்தல் முறையில் தேர்ந்த இளம் அறிவியலாளர்களை அறிவியல் துறைகளிலேயே அமர்த்தினார். ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்குப் பதில், உதவி ஆசிரியரின் துறைக்கே வந்தது. அங்கே நடந்த ஒரு சோதனை 2011-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 270 மாணவர்கள் கொண்ட இரு வகுப்புகள். பாடம் மின்காந்த அலைகள். காலம் ஒரு வாரம். ஒன்றில் நல்ல பெயர் பெற்ற அனுபவசாலி விரிவுரை நடத்தினார். மற்றதில் அனுபவம் குறைந்த, ஆனால் புதிய முறையில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் மாணவர்களை விவாதிக்க வைத்தனர். ஒரே தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 41 விழுக்காடு; இரண்டாவதன் சராசரி 74 விழுக்காடு.

காலேஜ் பார்க் பயிலரங்கு நடத்தியோரும் பாடம் கற்றுக் கொண்டனர். 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பயிலரங்கு முடிந்து ஊர் திரும்பிய ஆசிரியர்கள் சிறு குழுக்களாக இணையவழியில் ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து சந்திக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த வாரம் என் வகுப்பில் இப்படி ஆயிற்று, என்ன செய்யலாம் என்று கேட்க இப்போது ஆள் இருந்தது.

நம் நாட்டிலும் நம் வகுப்பிலும்

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக் கழக மானியக் குழு 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. புதிய ஆசிரியர்களுக்கு அறிமுகப் பயிற்சியும், பிறருக்குப் புத்தொளிப் பயிற்சியும் இவற்றில் சில வாரங்கள் நடைபெற்றன. 2015-இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023-இல் மாளவியா திட்டத்தின் கீழ் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. பதவி உயர்வுக்கு இப்பயிற்சிகள் தேவை என்பதால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இவற்றில் பயின்றிருக்கிறார்கள்.

நானும் ஒரு புத்தொளிப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். மாணவரைப் பேச விட வேண்டும் என்னும் பொருள் பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம், எங்களில் யாரையும் பேச விடாமல், உரையாற்றினார்! ஆனால் மதிய உணவின்போது வேறொரு கல்லூரியைச் சேர்ந்த ஓர் அம்மையார், தம் வகுப்பில் அட்டைகளைக் கொண்டு வினா நடத்துவதைப் பற்றிச் சொன்னார். அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பயன்பட்டது.

ஊர் திரும்பியதும் அட்டைகளைத் தயார் செய்தேன். மூன்று வாரங்கள் நன்றாக நடந்தது. பிறகு பாடப் பகுதி பின்தங்கியது. அட்டைகள் மேசை அறைக்குள் போயின. முயன்று பார்த்துக் கைவிட்ட மூன்றில் ஒரு பங்கினரின் பட்டியலில் நானும் சேர்ந்து விட்டேன் என்றே நினைத்தேன். அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். ‘எல்லா வகுப்பிலும் ஏன் செய்கிறீர்கள் சார்? வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்’ என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு கேள்வி நடந்து வருகிறது. பந்தின்மீது விசை எத்திசையில் என்று இந்த ஆண்டும் கேட்டேன். விவாதத்துக்குப் பின்னும் சிலர் ‘மேல்நோக்கி’ என்றே சொன்னார்கள். ஆனால் ஏன் அப்படி நினைக்கிறோம் என்றும் சொன்னார்கள். அதுவே எனக்குப் பெரிய லாபம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பங்கும் இதில் உண்டு. ஹார்வர்டில் லூயி டெலோரியே முதலியோர் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது. தாமே முயன்று விவாதித்த மாணவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றனர். ஆனால், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் எண்ணினர்! சரளமான விரிவுரையைக் கேட்டவர்களோ நிறையக் கற்றதாக எண்ணினர். தடுமாறும்போது கற்கவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் அப்போதுதான் கற்கிறோம். ஆகவே, உங்கள் ஆசிரியர் நோட்ஸ் கொடுப்பதை நிறுத்தி விட்டுக் கேள்வி கேட்டால், ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்று சொல்லி விடாதீர்கள்.

இனி, மடித்து வைத்த காகிதத்தைப் பிரியுங்கள். தனியாக உள்ள விளக்கும், பக்க இணைப்பில் உள்ள இரண்டும், ஆக மூன்றும் சமமான ஒளியுடன் எரியும். தொடர் இணைப்பில் உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும். பக்க இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் மின்கலத்தின் முழு மின்னழுத்தமும் கிடைக்கிறது. மின்கலம் இரு மடங்கு மின்னோட்டத்தைத் தருகிறது. வீட்டில் இரண்டாவது விளக்கைப் போட்டால் முதல் விளக்கு மங்குவதில்லை அல்லவா? மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும், அதைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும் என்று எண்ணியவர்கள் தவறினர்.

விடை தவறாகி விட்டதா? வருந்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். விடையைச் சொல்லாமல், அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதை மட்டும் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். கற்பித்தல் அங்கேதான் தொடங்குகிறது.